இன்று என்ன சமையல்

"இந்தக் கடையிலேயே உசந்த ஒயின் எதும்மா?" என்று கேட்டார் அனவரதம்.

கடைக்காரி யோகராணி பீப்பாயின் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துக்காரி. பலெர்மோ நகரத்தின் இந்தச் சந்துக்கு வந்து, தலை பாதி நரைத்துவிட்டது.

"இரவுக்கு என்ன சமையல் ஐயா?"

"நான் ஓட்டல்ல தங்கியிருக்கேன். இது ஒரு வீட்டுக்குக் கொண்டுபோக."

"அப்ப அந்த வீட்டிலை என்ன சமையல்?"

"தெரியாது."

"கேட்டுக்கொண்டு வாங்கோ."

அவர் நகரவில்லை. அலமாரி முழுக்கப் பாட்டில்கள். அவற்றின் ஊடாக வந்த வெயில் தரையில் சிவப்பாகவும் பச்சையாகவும் அசைந்தது. குளத்துக்குள் நிற்பதுபோல இருந்தது அவருக்கு.

"விலை எவ்வளவானாலும் பரவாயில்லம்மா."

"விலையை நான் கேக்கேல்லையே."

ஒரு கிழவி உள்ளே வந்தாள். காலித் தண்ணீர் பாட்டிலை நீட்டி இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள். யோகராணி அதில் பீப்பாயிலிருந்து வெள்ளை ஒயினைப் பிடித்துக் கொடுத்து அனுப்பினாள்.

"என்ன சொல்லிட்டுப் போறாங்க?"

"மத்தி மீன் வாங்கினவவாம். இங்கை எல்லாரும் சட்டியைச் சொல்லித்தான் வைன் வாங்கிறது. நீங்கள் மட்டும்தான் காசைச் சொல்லுறியள்."

அவர் சிரிக்கவில்லை.

"ஆற்றை வீடு?"

"மக வீடு."

"மகளிட்டைக் கேக்க என்ன வெக்கம்?"

"பேச்சு இல்லம்மா. இந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்கு நான் வரலை. அவ அம்மா இருந்தவரைக்கும் அங்கயும் இங்கயும் சேதி போகும். இப்ப அவளும் போய்ச் சேர்ந்துட்டா. மாப்பிள்ளைதான் எழுதிக் கூப்பிட்டிருக்காரு, இன்னைக்கு ராத்திரி சாப்பிட."

"சரி."

"வெறுங்கையோட அந்த வாசல்ல எப்படி நிக்கிறது? நல்ல பாட்டிலா இருந்தா கதவு திறந்ததும் அதை நீட்டிடலாம்."

"நீட்டின பிறகு?"

அவர் மறுபடி அலமாரியைப் பார்த்தார்.

எங்கோ கோயில் மணி அடித்தது. மத்தியானம். யோகராணி கதவை இழுத்தாள்.

"பின்னேரம் திறப்பன். கேட்டுக்கொண்டு வாங்கோ."

போக இடமில்லை. கடைப் படியிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் தொட்டியில் ஒரு செடி. சந்தே தூங்கிற்று. தலைக்கு மேல் மாடிக் கொடிகளில் காயும் துணிகள் மெல்ல உப்பி மெல்ல அடங்கின. கடலிலிருந்து ஒரு காற்று வந்து செடியைத் தொட்டுவிட்டு அவர் மேல் விழுந்தது.

அம்பாசமுத்திரத்து வீடு. ஆபீஸிலிருந்து வருகிறார். செருப்பைக் கழற்றுகிறார். வழக்கம்போல உள்ளே பார்த்துக் கேட்கிறார். அடுக்களையிலிருந்து ஒரு சின்னக் குரல், அம்மாவை முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. என்ன சொல்கிறது என்று காது கொடுக்கிறார். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் குனிகிறார்.

கதவு திறக்கும் சத்தம்.

"கேட்டாச்சோ?" என்றாள் யோகராணி.

"இல்லை."

"நம்பர் இருக்கோ?"

"இருக்கு."

அவள் உள்ளே போய்ப் பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அனவரதம் படியில் இருந்தபடியே போனை எடுத்தார். மணி நெடுநேரம் அடித்தது.

"ப்ரோந்தோ," என்றது ஒரு குரல். இந்த ஊர்க்காரி குரல். அதற்குப் பின்னால் பலகையில் கத்தி விழும் சத்தம்.

ஓட்டல் கண்ணாடி முன்னால் நின்று சேர்த்துவைத்திருந்த சொற்கள் ஒன்றுகூட வாயில் இல்லை.

"இன்னைக்கு என்ன சமையல் தாயி?"

கத்தி நின்றது.

துணிகள் உப்பின. அடங்கின. மறுபடி உப்பின.

"வெண்டைக்காப் புளிக்குழம்பு," என்றது குரல். இப்போது இந்த ஊர்க்காரி குரல் இல்லை. "கறிவேப்பிலைதான் கிடைக்கலை."

அவள் போனை வைக்கவில்லை. கத்தி மறுபடி பலகையில் விழுந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு கடைக்குள் வந்தார். கண்ணைத் துடைக்க மறந்திருந்தார்.

"வெண்டைக்காப் புளிக்குழம்பாம், கறிவேப்பிலை இல்லாம," என்றார். "அதுக்கு எந்த ஒயின்மா?"

யோகராணி மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை நிதானமாகப் பார்த்தாள். பீப்பாய்களையும் பார்த்தாள். பிறகு பாட்டில் சுற்றும் தாளில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

தொட்டிச் செடியில் இரண்டு கொப்பு ஒடித்துத் தாளில் சுற்றி அவர் கையில் வைத்தாள்.

"கெதியாப் போங்கோ ஐயா," என்றாள். "அவ தாளிக்கிறதுக்கு முந்தி."