தங்கப்பழத்தின் நாக்கு முப்பத்தைந்து கிராம்

நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஆனைமுடிச்சான்குளம் என்றொரு ஊர். அங்கே மாசானம், தங்கப்பழம், பூலோகம் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் மாசானம் யோசித்துத்தான் பேசுவான். நடுவிலான் தங்கப்பழம் யோசிப்பதோடு நிறுத்திக்கொள்வான். கடைக்குட்டி பூலோகம் எட்டாம் வகுப்பு வரை போனவன். அதனால் வீட்டில் இங்கிலீஷ் சம்பந்தப்பட்டதெல்லாம் அவன் பொறுப்பு.

இவர்களுக்கு ஒரே தங்கை செல்லக்கனி. தோவாளையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகள் பேச்சிக்கு வியாழக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் குத்த வேண்டும், மாமன் வாங்கிய கம்மலைத்தான் போட வேண்டும். "இந்தத் தடவையாவது ஒழுங்கா வந்து சேருங்க அண்ணே, என் மாமியா முன்னால மானத்தை வாங்கிராதீங்க" என்று போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

மானத்தோடு போய் இறங்குவதற்காகவே மூவரும் ஏலத்தில் ஒரு சக்கர வீடு எடுத்தார்கள். கட்டில், அடுப்பு, ஜன்னல் எல்லாம் உள்ள தகர வீடு. அடியில் இரண்டு சக்கரம். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். சீர்வரிசை முழுவதையும் அதில் ஏற்றினார்கள். பித்தளை அண்டா, அரிசி மூட்டை, நான்கு வாழைத்தார், இரண்டு டின் முறுக்கு. வாசல் முன்பக்கம் இருந்ததால் எல்லாவற்றையும் முன்பக்கமே வைத்தார்கள். உள்ளே தள்ளினால் எடுப்பதற்குச் சிரமம் அல்லவா?

வீட்டை மாட்டியதும் ஜீப்பின் பின்பக்கம் தரையைத் தொட்டது, மூக்கு வானத்தைப் பார்த்தது. மாசானம் ஸ்டியரிங்கைத் திருப்பினான். முன் சக்கரங்கள் காற்றில் திரும்பின. ஜீப் திரும்பவில்லை.

"ஜீப்பு நிமிர்ந்து நிக்குலே," என்றான் மாசானம்.

"சீரு கொண்டு போற பெருமை," என்றான் தங்கப்பழம்.

பெருமையோடு நேராக ஒரு வைக்கோல் படப்புக்குள் போய் நின்றார்கள்.

மெக்கானிக் பீர்முகமது வந்து பார்த்தார். "பாரம் பூரா ஜீப்பு பின் டயருல உக்காருது. முன் டயருக்கும் வீட்டு டயருக்கும் பங்கு பிரிச்சு விடணும். அதுக்குன்னே ஒரு கொக்கி இருக்கு. ரெண்டு பக்கமும் நீளக் கம்பி வச்சு, சங்கிலி போட்டு இறுக்குறது. திருநெல்வேலியில போய் நல்லதா, மலிவா பார்த்து வாங்கிட்டு வாங்க."

மூவரும் பஸ் ஏறினார்கள். வண்டிச் சாமான் கடை அண்ணாச்சி மூன்று கொக்கிகளை எடுத்துக் காட்டினார். ஒன்று எழுபதாயிரம், ஒன்று நாற்பதாயிரம், ஒன்று இருபத்தைந்தாயிரம்.

"இதைவிட மலிவா இல்லையா அண்ணாச்சி?"

"விலையைப் பார்த்து எடுக்காதீங்க. டங் வெயிட்டைப் பார்த்து எடுங்க. டங் வெயிட்டு எவ்வளவு?"

சக்கர வீட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஜீப்பின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றுகிறது என்று அவர் கேட்டார். மூவரும் பூலோகத்தின் படிப்பைக் கேட்டார்கள். அதாவது இரண்டு பேர் கேட்டார்கள், பூலோகம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டான்.

"டங்குன்னா நாக்கு. வெயிட்டுன்னா எடை. நம்ம நாக்கு எடையைக் கேக்காரு," என்றான் பூலோகம்.

"எடை கூடினா கொக்கியும் விலை கூடும். கம்மின்னா மலிவு. போய் எடை போட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. அதன் வாசலில் நின்று மூவரும் ஆலோசனை செய்தார்கள்.

"யாரு நாக்கைப் போடணும்? வண்டி ஓட்டுறவன் நாக்கா, சொந்தக்காரன் நாக்கா?" என்று கேட்டான் மாசானம்.

"மூணு பேரும் சொந்தக்காரங்கதான். மூணையும் போடுவோம். எது கம்மியோ அதுக்குக் கொக்கி வாங்குவோம். மலிவா முடிஞ்சிரும்லா," என்றான் தங்கப்பழம். இவ்வளவு நீளமாக அவன் பேசியதே இல்லை. மற்ற இருவரும் அசந்துபோனார்கள்.

"சாப்பிட்ட நாக்கா, சாப்பிடாத நாக்கா?"

"சாப்பிட்டா சோறு எடையும் சேர்ந்துரும். வெறும் நாக்குதான்."

மளிகைக்காரர் சீரகம் எடை போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மாசானம் குனிந்து தராசில் நாக்கை வைத்துவிட்டான்.

"யோவ், என்னய்யா பண்ணுதே?"

"ஆ," என்றான் மாசானம்.

"எவ்வளவுண்ணே காட்டுது?" என்று பூலோகம் கேட்டான்.

"ஆ."

"நாக்கை எடுத்துட்டுச் சொல்லுண்ணே."

மாசானம் நாக்கை எடுத்தான். தராசு பூஜ்யம் காட்டியது. ஆகா, எடையே இல்லை என்று மூவரும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டார்கள். பிறகு மளிகைக்காரரே மனமிரங்கி, நாக்கு தராசில் இருக்கும்போதே எடையைப் படித்துச் சொன்னார். அவர்களைச் சீக்கிரம் அனுப்ப அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மாசானத்தின் நாக்கு தொண்ணூறு கிராம். பூலோகத்தின் நாக்கு நூற்றுப்பத்து. இங்கிலீஷ் படித்த கனம் என்று பேசிக்கொண்டார்கள். அதிகம் பேசாத தங்கப்பழத்தின் நாக்கு வெறும் முப்பத்தைந்து. மளிகைக்காரரிடம் கெஞ்சி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்கள்.

அண்ணாச்சி சீட்டைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.

"முப்பத்தஞ்சு கிராமா? இது எதோட டங்கு?"

"தங்கப்பழத்தோடது."

தங்கப்பழம் அத்தாட்சிக்கு நாக்கை நீட்டினான்.

அண்ணாச்சி அந்த நாக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு, சுவர் ஆணியில் தொங்கிய, கிணற்றடியில் வாளி மாட்டுகிற எஸ் கொக்கி ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுக்கு இது தாராளம்."

"விலை?"

"பன்னிரண்டு ரூபா."

"எழுபதாயிரம் கேட்டவங்க நீங்க. பத்துக்குத் தாங்க," என்று மாசானம் பேரம் பேசி வாங்கினான். பஸ்ஸில் அந்தக் கொக்கியை மூவரும் மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலையில், வீட்டை ஜீப்போடு இணைத்திருந்த பழைய ஆணியைக் கழற்றி எறிந்துவிட்டு எஸ் கொக்கியை மாட்டினார்கள். பூலோகம் கட்டிலைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று சக்கர வீட்டுக்குள் போய்ப் படுத்து, உடனே தூங்கிவிட்டான். ஜீப்பின் மூக்கு முன்போலவே வானத்தைப் பார்த்தது.

"புதுக் கொக்கில்லா, சூடு ஏறணும்," என்றான் மாசானம்.

அவனுக்கு மேகம் மட்டும்தான் தெரிந்தது. ஆகவே தங்கப்பழம் பக்கத்தில் எழுந்து நின்று சாலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"மாடு."

"எந்தப் பக்கம்லே?"

"மாட்டுக்கு வலது பக்கம்."

மாடு அறிவுள்ளது, ஒதுங்கிக்கொண்டது.

முப்பந்தலில் காற்றாலைகள் சுழலும் இடத்தில் சாலை கொஞ்சம் மேடு. ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஜீப்பின் மூக்கு தொப்பென்று இறங்கியது. மாசானத்துக்குச் சாலை தெரிந்தது. ஸ்டியரிங் திரும்பியது. ஜீப் சிட்டாகப் பறந்தது.

"கொக்கி வேலை செய்ய ஆரம்பிச்சிட்டுலே!" என்று மாசானம் கூவினான். "பின்னால வீடு இருக்க மாதிரியே தெரியலை பாரு!"

தங்கப்பழம் திரும்பிப் பார்த்தான். "ஆமாண்ணே. பார்த்தாகூடத் தெரியலை."

தோவாளையில் பந்தல் முன்னால் இறங்கினார்கள். மணி பதினொன்றரை. செல்லக்கனி ஓடி வந்தாள்.

"அண்ணே, சீரு எங்கே? கம்மல் எங்கே? சின்னண்ணன் எங்கே?"

"எல்லாம் வீட்டுல பத்திரமா இருக்கு."

"வீடு எங்கே?"

அப்போதுதான் மாசானம் பின்னால் பார்த்தான். "பூட்டிட்டுத்தானே வந்தோம்?" என்று தங்கப்பழத்தைக் கேட்டான்.

செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கணவன் அழகுநம்பி வேனை எடுத்தான். குழந்தை, மாமியார், காது குத்துகிற ஆசாரி எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். நல்ல நேரம் முடிய அரை மணிதான் பாக்கி.

முப்பந்தலில் ஒரு வேப்பமரத்தடியில் சக்கர வீடு சாய்ந்து நின்றது. வாசலில் நாற்காலி போட்டு, தலைப்பாகை கட்டி, பூலோகம் உட்கார்ந்திருந்தான். முறுக்கு டின்கள் காலி. வாழைத்தாரில் காம்புதான் மிச்சம்.

"வாங்க வாங்க!" என்று எழுந்தான். "மாப்பிள்ளை, உங்க சொந்தக்காரங்க தங்கமானவங்க. ஒருத்தர் விடாம லாரியை நிறுத்தி, 'என்னாச்சு'ன்னு விசாரிச்சாங்க. எல்லாருக்கும் பலகாரம் கொடுத்தனுப்பினேன். தோவாளையில பந்தல்தான் போடாம விட்டுட்டீங்க."

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அழகுநம்பி கையெடுத்துக் கும்பிட்டு, "நேரம் போகுது, இங்கேயே குத்திருவோம்," என்றான். கம்மல் மட்டும் பூலோகத்தின் மடியில் பத்திரமாக இருந்தது. செல்லக்கனிக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது.

வேப்பமரத்தடியில் மூன்று மாமன்மாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். நடுவிலிருந்த பூலோகத்தின் மடியில் பேச்சியை வைத்தாள் செல்லக்கனி. ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்து அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனது. மாமன்மாரைத் தவிர எல்லாரும் கண்ணாடியைத் துரத்தி ஓடினார்கள்.

"கண்ணாடி கிடக்கட்டும்," என்றார் ஆசாரி. "முப்பது வருசமா குத்துதேன், தொட்டுப் பார்த்தே குத்திருவேன். ம், மாமா, காதைக் காட்டும்."

மாசானம் காதைக் காட்டினான்.

சுருக்கென்று ஏறியது. நல்ல காரியத்தில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். கம்மலும் மாட்டியாயிற்று.

"அடுத்த காது."

தங்கப்பழம் குனிந்தான்.

"அருமையான பிள்ளை. துளிகூட அழலையே," என்று ஆசாரி இரண்டாவது கம்மலையும் திருகிவிட்டு ஊசியைப் பையில் வைத்தார்.

"எனக்கு?" என்றான் பூலோகம்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது."

பூலோகத்தின் உதடு துடித்தது. அடுத்த நொடி, காற்றாலைச் சத்தத்தையும் மீறி ஓவென்று அழ ஆரம்பித்தான். அவன் மடியிலிருந்த பேச்சி கைகொட்டிச் சிரித்தாள்.

அழுகைச் சத்தத்தைக் கேட்டு ஆசாரியின் முகம் மலர்ந்தது. "இப்பதான் பிள்ளைக்கு வலி தெரியுது. அம்மா, சட்டுனு வாயில கொஞ்சம் சீனி போடுங்க."

கண்ணாடியோடு ஓடி வந்த செல்லக்கனி மூன்று அண்ணன்மாரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு கை சீனி அள்ளிப் பூலோகத்தின் வாயில் போட்டாள். உடனே அழுகை நின்றது.