குட்டை விட்டுக் குட்டை போன விரால்கள்

காட்டோரத்துக் கரிசல் குட்டை ஒன்றில் விரால் மீன்கள் வாழ்ந்தன. கூடவே ஒரு தவளையும் ஒரு நண்டும் இருந்தன. தவளைக்குக் கதை சொல்வது வேலை. நண்டுக்கு அதில் குறை கண்டுபிடிப்பது வேலை.

அந்தக் கோடையில் குட்டை வற்றிக்கொண்டே வந்தது. விரால்கள் பயந்துபோயிருந்தன. அவற்றுக்குத் தைரியம் வரட்டும் என்று தவளை ஒரு புதுக் கதையை எடுத்துவிட்டது.

"பொட்டலுக்கு அப்பால் இன்னொரு குட்டை இருக்கிறது. அங்கே தண்ணீர் வற்றுவதே இல்லை. கொம்பு வைத்த மீன்களும் இறகு முளைத்த நண்டுகளும் அங்கே வாழ்கின்றன. முன்பு ஒரு விரால் வாலை ஊன்றி, ஒரே தாவில் அங்கே போய்ச் சேர்ந்தது."

"நில்லு தம்பி," என்றது நண்டு. "அங்கே குட்டை இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? சுடுமண்ணில் விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அது கிடக்கட்டும், தண்ணிக்குள்ள இருக்கிற நண்டுக்கு இறகு எதுக்கு, விசிறிக்கவா?"

விரால்கள் சிரித்துவிட்டன. தவளைக்கு முகம் சுருங்கிப்போனது.

"கதைன்னா கேட்டுக்கணும் அண்ணே. உங்களுக்குத் தோண்டித் தோண்டியே பழகிப்போச்சு," என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டது.

ஒரு விரால் மட்டும் சிரிக்கவில்லை. அது அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்த தாய். மறுநாள் உச்சி வெயிலில் குஞ்சுகளைக் கரையோரம் கூட்டி வந்தது.

"வாலை நல்லா ஊன்றுங்க கண்ணுகளா. அம்மா தாவினதும் பின்னாலேயே தாவணும்."

நண்டு ஓடிவந்து அதன் வாலைக் கவ்விப் பிடித்தது.

"விடுங்க அண்ணே, வலிக்குது. அந்த விரால் போகலையா?"

"அது கதையில போச்சு தாயி. நீ போனா கருவாடுதான்."

தவளை இதைக் கேட்டு ஆடிப்போனது. தன் பேச்சை நம்பி ஒரு குடும்பமே வெயிலில் குதிக்க இருந்ததே! அது நேராக நண்டிடம் போனது.

"அண்ணே, நேற்றுக் கேட்டதையெல்லாம் இன்னொரு தரம் கேளுங்க."

"சரி. வேற குட்டை இருக்குங்கறதுக்கு என்ன சாட்சி?"

தவளை யோசித்தது. "நம்ம சேறு கறுப்பு. ஆனா இங்கே வர்ற எருமைகள் முதுகில் செஞ்சேறு அப்பியிருக்கு. அப்ப எங்கேயோ செம்மண் குட்டை இருக்கணும்."

"எவ்வளவு தூரம்?"

"சேறு காயறதுக்குள்ளே எருமைகள் வந்துடுதே. ரொம்பத் தூரமில்லை. அதுங்க நடக்கிற தடம்தான் வழி."

"மூச்சு?"

"விரால் மேலே வந்து காத்துக் குடிக்கிற ஜாதிதானே."

"உடம்பு காஞ்சு போகுமே?"

தவளை தாய் விராலைத் திரும்பிப் பார்த்தது. தாய் விரால் மெல்ல வாய் திறந்தது.

"ஒரு மழை பெய்தா எருமைக் குளம்படிப் பள்ளத்திலெல்லாம் தண்ணி நிக்கும் அண்ணே. ஒவ்வொண்ணிலும் கொஞ்சம் கிடந்து, நனைஞ்சு, நகர்ந்து போகலாம்."

"இதுல எனக்குக் கேள்வி இல்லை," என்றது நண்டு.

சில நாளில் ஒரு கோடைமழை வந்தது. குட்டை நிறையும் மழை இல்லை, மண் நனையும் மழை. விரால்கள் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறி ஊர்ந்தன. நண்டு முன்னால் நடந்தது. சோர்ந்த குஞ்சுகளைத் தவளை பின்னாலிருந்து தள்ளிவிட்டது. பொழுது சாய்வதற்குள் செம்மண் குட்டை வந்துவிட்டது.

அங்கிருந்த விரால் ஒன்று இவர்களை மேலும் கீழும் பார்த்தது.

"வேற குட்டையா? பொய் சொல்லாதீங்க. வேற குட்டைக்காரங்களுக்கு மூணு கண்ணுன்னு எங்க தேரை சொல்லியிருக்கு."

குஞ்சுகள் புதுத் தண்ணீரில் துள்ளி விளையாடின. தாய் விரால் தவளைக்கு நன்றி சொன்னது.

"எனக்கு வேண்டாம் அக்கா. அண்ணன் வாலைப் பிடிக்கலேன்னா என் கதை உங்களைக் கொன்னிருக்கும்," என்றது தவளை.

நண்டு கூச்சத்தோடு காலை மடக்கிக்கொண்டது. "நீ கதை சொல்லலேன்னா நான் எதைப் போய்க் கேட்டிருப்பேன்? பொட்டலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கும்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்லையே தம்பி."

எட்டாத தூரத்தைக் கனவு காண்கிறவருக்கும், அங்கே போவது எப்படி என்று குடைந்து கேட்கிறவருக்கும் நாம் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும்.