மிச்சம் போட்ட ஏஞ்சலும் மீசை தேய்ந்த கோரியும்

ஒரு கண்ணாடித் தொட்டியில் ஓர் ஏஞ்சல் மீனும் மூன்று மோலி மீன்களும் வாழ்ந்து வந்தன. ஏஞ்சலுக்கு நீளமான துடுப்புகள். அதைவிட நீளமான கர்வம். அது எதைச் சொன்னாலும் "ஆமாம்! ஆமாம்!" என்பதே மோலிகளின் வேலை.

தொட்டி இருந்த இடம் நாகர்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரி செல்லக்கனி மீன் வளர்ப்புக்குப் புதியவள். தொட்டியின் தரையில் பளபளவென்று வண்ணக் கற்களைக் கொட்டி வைத்திருந்தாள். காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை மிதக்கும் தீனி போடுவாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் அவள் ஒரு பையில் கோரி என்னும் சிறு கெளுத்தி மீனைக் கொண்டுவந்தாள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். வாயைச் சுற்றி மெல்லிய மீசை.

"கீழ கெடக்க அழுக்கெல்லாம் இது தின்னுருமாம். இனி தொட்டியக் கழுவாண்டாம்னு மீன்கடைக்காரரு சொன்னாரு" என்று டீ கொண்டுவந்தவரிடம் பெருமையாகச் சொன்னாள்.

அது ஏஞ்சலின் காதில் விழுந்தது. யாரையாவது கீழே வைத்துப் பார்க்க அது ரொம்ப நாளாகக் காத்திருந்தது.

"கேட்டாயா? நீ இங்கே விருந்தாளி இல்லை. தரை உன்னுடையது. தண்ணீரின் மேற்பகுதி எங்களுடையது!"

"ஆமாம்! ஆமாம்!" என்றன மோலிகள்.

"சரி ஐயா" என்றது கோரி. "என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் வருவார்களா? நாங்கள் கூட்டமாகவே வாழ்ந்து பழகியவர்கள்."

"பெருக்க வந்தவனுக்குப் பேச்சுத்துணை வேறா!" என்று ஏஞ்சல் சிரித்தது.

தீனி தண்ணீரில் மிதந்தது. ஏஞ்சலும் மோலிகளும் நொடியில் அதைக் காலி செய்தன. கோரி கற்களுக்கு நடுவே மீசையை விட்டுத் துழாவியது. கற்களின் முனை கூர்மையாக இருந்தது. மணலில் அளைந்து தின்னப் பிறந்த மீசை கல்லில் உரசி உரசித் தேய்ந்தது. பத்து நாளில் கோரியின் வயிறு ஒட்டிப்போனது.

கோரி வெட்கத்தை விட்டுக் கேட்டது. "ஐயா, எனக்குப் பசிக்கிறது. கொஞ்சம் தீனியைக் கீழே விழ விடுங்களேன். இப்படியே போனால் நான் செத்துப்போவேன்."

"பசியா? அழுக்குத்தான் உன் சாப்பாடு. அதைச் சாப்பிடு!"

"நான் அழுக்கைச் சாப்பிடுவதில்லை. நீங்கள் சாப்பிடுவதைத்தான் நானும் சாப்பிடுவேன். கீழே இருந்து சாப்பிடுவேன், அவ்வளவுதான்."

ஏஞ்சலுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. தர்மவான் என்று பெயர் வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? அன்று முதல் அது தீனியை வாய் நிறையக் கவ்வி, பாதியை விழுங்கி, மீதியைத் துப்பியது.

"பார்த்தீர்களா என் தயாள குணத்தை? கோரிக்கு நான் சோறு போடுகிறேன்!"

மோலிகளும் துப்பின. மேலே தீனி நொடியில் மறைவதை மட்டும் பார்த்து, போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் செல்லக்கனி ஒரு சிட்டிகைக்கு மூன்று சிட்டிகை போட்டாள். துப்புவதும் மும்மடங்கு ஆயிற்று.

துப்பியதெல்லாம் கற்களின் இடுக்கில் போய் விழுந்தது. தேய்ந்த மீசைக்கு அது எட்டவில்லை. அங்கேயே கிடந்து ஊறியது, பிறகு அழுகியது.

"ஐயா, துப்பாதீர்கள்! எல்லாம் இடுக்கில் அழுகுகிறது. தண்ணீர் என் மீசையில் எரிகிறது. எனக்கு வேண்டியது முழுசாக விழும் ஒரு வாய்ச் சோறு. உங்கள் எச்சில் இல்லை."

"கொடுக்காவிட்டால் பசி என்கிறாய். கொடுத்தால் எச்சில் என்கிறாய். நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள்! அழுகினால் என்ன? சுத்தம் செய்யத்தானே உன்னை வாங்கினார்கள்!"

கோரி மறுபடி கற்களுக்கு நடுவே துழாவப் போனது. வாதாட அதற்குத் தெம்பு இல்லை.

செல்லக்கனிக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவாள். தொட்டித் தண்ணீரை வடிகட்டிக் காற்றூட்டும் ஃபில்டரும் நின்றுவிடும். தண்ணீர் ஓரளவு சுத்தமாக இருந்தவரை மீன்கள் ஞாயிற்றுக்கிழமையை எப்படியோ சமாளித்துவந்தன.

இந்த ஞாயிறு அப்படி இல்லை. அழுகல் தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் தின்றுவிட்டது. நண்பகலுக்குள் மோலிகள் நீர்மட்டத்தில் வாயை வைத்துத் தொங்கின. ஏஞ்சல் மேலேயும் கீழேயும் தவித்தது. கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து கற்களின் மேல் விழுந்தது.

கோரி மட்டும் விருட்டென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பியது.

"நீ மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறாய்?" என்று ஏஞ்சல் முனகியது.

"விழுங்கிய காற்றைக் குடலில் வைத்து மூச்சுவிட எங்களால் முடியும். அது பிறவியிலேயே வந்தது. கற்றுக்கொடுக்க முடிந்தால் கற்றுக்கொடுத்திருப்பேன்."

"நீ மட்டும் ஒழுங்காகச் சுத்தம் செய்திருந்தால்…"

"நான் ஒருநாளும் சுத்தம் செய்யவில்லை ஐயா. பசியோடு தேடிக்கொண்டிருந்தேன். அதை நீங்கள் சுத்தம் என்று நினைத்துக்கொண்டீர்கள்."

ஏஞ்சலின் செவுள் அசைவது நின்றுவிட்டது.

திங்கள் காலை வினாத்தாள் நகல் எடுக்க ஜெபசெல்வி டீச்சர் வந்தார். அவர் வீட்டிலும் மீன்தொட்டி உண்டு. தொட்டியில் ஏஞ்சல் செத்துக் கிடப்பதையும் மோலிகள் நீர்மட்டத்தில் தொங்குவதையும் பார்த்ததுமே அவர் முகம் சுளித்தார்.

"செல்லக்கனி, கரண்ட அணச்சிட்டா போன?"

"ஞாயித்துக்கிழம லீவுல்லா டீச்சர்!"

"லீவு ஒனக்கு. அதுக மூச்சுக்குமா லீவு? இந்தக் கோரியப் பாரு, மீசையே இல்ல. வயிறு ஒட்டிக் கெடக்கு. இதுக்குன்னு என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல டீச்சர். அழுக்கத் திங்கும்னாங்க…"

"அழுக்கத் திங்கன்னு யாரும் பொறக்கல, கேட்டியா."

செல்லக்கனிக்கு முகம் சுருங்கியது. அன்றே கற்களை அள்ளி வெளியே போட்டாள். கழுவிய மணலைப் பரப்பி, பாதித் தண்ணீரை மாற்றினாள். ஃபில்டருக்குத் தனி இணைப்பு போட்டாள். தொட்டி தேறியதும் இன்னும் ஐந்து கோரிகள் வந்தன. தரைக்கு மூழ்கும் தீனி தனியாக விழுந்தது. பழைய கோரியின் மீசை பாதிதான் வளர்ந்தது. ஆனால் அது வயிறு நிறையச் சாப்பிட்டது.

அடுத்தவன் பசிக்குத் தன் எச்சிலே போதும் என்று நினைப்பவன், ஒருநாள் அந்த எச்சிலிலேயே மூச்சுத் திணறிப்போவான்.