நாடு கடத்தப்பட்ட தரை

மகுடகேசரி ராஜாவுக்கு வடக்குத் திசை ஆகாது. அங்கேதான் மாமியார் நாடு. ராணி தாய்வீட்டுப் பேச்சை எடுத்தாலே வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் காலை பார்த்தால் அவருடைய கோட்டைச் சுவர் நடுவில் துண்டாகி, அரண்மனைப் பக்கத்துப் பாதி ஒரு முழம் வடக்கே தள்ளி நின்றது!

"கோணல் சுவர் கட்டிய கொத்தன் குன்றனை நாடு கடத்துங்கள்!"

"சாமி, நூல் பிடித்துக் கட்டினேன். நேற்று பூமி குலுங்கியதே..."

"அது பட்டத்து யானை தும்மியது!"

ஒழுங்காக வேலை செய்தவனுக்குத் தண்டனையா? சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மாறநம்பிக்கும் கொதித்தது. உப்பு மூட்டை சுமந்து, சந்தையில் அடிபட்டு, சபைக்கு வந்தவன் அவன். வணக்கம் சொல்லக்கூடப் பேரம் பேசுவான்.

"மகாராஜா, குற்றவாளி வேறு ஆள் என்றால்?"

"அவனுக்கும் இதே தண்டனை."

"பெரிய இடமென்றால் குறைப்பீர்களா?"

"யாராக இருந்தாலும் நாடு கடத்தல்தான்! இது என் வாக்கு!"

"முடிந்தது. இனி பேச்சு மாறக்கூடாது."

ராஜாவையும் ராணியையும் சுவரடிக்கு அழைத்துப் போனான். பக்கத்திலிருந்த பனை வரிசையும் வண்டிப் பாதையும் அதே நேர்கோட்டில், அதே ஒரு முழம் விலகியிருந்தன.

"பனையையும் இவன்தான் நகர்த்தினானா?"

"பிறகு யார்?"

மாறநம்பி காலால் தரையைத் தட்டினான். "இதுதான். பூமியின் மேல்தோடு ஒரே துண்டில்லை, பெரிய பெரிய பாறைப் பலகைகள். இரண்டு முட்டினால் மலை எழும்பும், விலகினால் பிளவு விழும். நம் காலடியில் இருக்கும் இரண்டும் சந்தைக் கூட்டம்போலத் தோள் உரசிப் போகிறவை. வழியில் மாட்டிக்கொண்டு வெகுகாலம் முறைத்து நிற்கும். பிறகு ஒரே திமிறல். அதுதான் உங்கள் யானைத் தும்மல்."

ராஜா விடவில்லை. "அப்படியானால் தரையை நாடு கடத்து!"

"அது எப்போதோ கிளம்பிவிட்டது, மகாராஜா. சராசரியாக நகம் வளரும் வேகத்தில் வடக்கே போகிறது. மேலே உட்கார்ந்து நீங்களும் போகிறீர்கள். மாமியார் நாடு எதிர்ப் பலகைமேல் தெற்கே வருகிறது."

ராஜாவின் முகம் வெளுத்தது.

"அம்மாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள் ராணி.

எல்லோரும் சிரிக்க, ராஜாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குன்றனை விடுவித்தார். முத்துமாலையைக் கழற்றி மாறநம்பிக்குப் போட்டார். போடும்போது காதோரம் குனிந்தார்.

"நகம் வளரும் வேகம் என்றாயே, யாருடைய நகம்? என் மாமியாருக்கு ரொம்ப வேகமாக வளரும்!"