பல்லக்கா, தூக்குகிற ஆளா?

“கையில் இரண்டு ஓலை வைத்திருக்கிறாயே, ஒன்றைக் கிழித்துப் போடு. அப்புறம் பேசு!”

ராஜசபை நடுவில் நின்று இப்படிக் கத்தியவர் ஆவுடையப்பர். வேங்கை நாட்டுக் கல்விச்சாலைக்கு அவர்தான் அதிகாரி. எதிரே நின்றவன் சடையன். பதினொரு வருஷம் படையில் வேல் பிடித்தவன். இடது காதில் பாதி கிடையாது. போர்க்களத்தில் மற்றவர்களுக்குக் காயம் கட்டிக் கட்டி, வைத்தியம் படித்தே தீருவது என்று வந்திருந்தான்.

சபையில் எத்தனை தூண், எத்தனை விளக்கு என்றெல்லாம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பெரிய சபை. அவ்வளவுதான். விஷயம் ஓலைதான்.

ஒரு ஓலை மன்னர் கொற்றவேலர் கொடுத்தது. ஏழு வருஷம் படையில் இருந்தவன் படிக்கப் போனால், குருகாணிக்கையை அரண்மனையே கொடுத்துவிடும். இன்னொன்று கல்விச்சாலை தருவது. வசதியில்லாத மாணவனுக்கு இரண்டு வேளைச் சோறு, படுக்க இடம். இரண்டிலும் ஆவுடையப்பரின் முத்திரை மோதிரம் பதிய வேண்டும். அன்றைக்குத்தான் கடைசி நாள். உச்சிவேளை முரசு அடித்தால் கல்விச்சாலைக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு அடுத்த வருஷம்தான்.

“ஐயா, நான் இரண்டையும் ஏமாற்றி வாங்கவில்லையே” என்றான் சடையன்.

“மன்னரே உனக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் நீ எப்படியப்பா வசதியில்லாதவன்? ஒரு ஆளுக்கு ஒரு கொடை. அதுதான் முறை!”

“அரண்மனை ஆள் காணிக்கைத் தட்டை நேராகக் குருவிடம் வைக்கிறார். என் கை அதில் படுவதுகூட இல்லை. சோற்றுக்கு நான் எங்கே போக?”

“அப்படியானால் சோற்று ஓலையை வைத்துக்கொள். காணிக்கையைக் கிழி.”

“குரு வகுப்பில் சேர்க்க மாட்டாரே! சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தூங்கவா வந்தேன்?”

மன்னர் தாடையைச் சொறிந்தார். அவருக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. மன்னர்களுக்கு இது ஒரு வியாதி. “திருமேனி, நீ என்ன சொல்கிறாய்?” என்று தன் மந்திரியைப் பார்த்தார்.

திருமேனி ஒல்லியான ஆள். வாய் மட்டும் ஒல்லி இல்லை.

“காணிக்கையை இரண்டு இடத்தில் வாங்கினால் தப்பு, அரசே. நானே அவனைப் பிடித்துக் கொடுப்பேன். ஆனால் ஆவுடையப்பர் சொல்லும் முறை ரொம்பப் புதுசாக இருக்கிறது. ஒரு நாழிகை நேரம் அதை அரண்மனை முழுக்க அமல்படுத்திப் பார்ப்போமா? ஒரு ஆளுக்கு ஒரு கொடை. எல்லோருக்கும்.”

“பேஷ்! இப்போதே உத்தரவு போடுங்கள்!” என்று துள்ளினார் ஆவுடையப்பர்.

மன்னர் போட்டார். ஆவுடையப்பர் மீசையைத் தடவிக்கொண்டு, கல்விச்சாலைக்குப் போக வாசலுக்கு வந்தார். கதவு சாத்தும்போது அவர் அங்கே இருந்தாக வேண்டும்.

பல்லக்கு தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்தார். அசையவில்லை. எட்டிப் பார்த்தால், தூக்குகிற நான்கு பேரும் வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“டேய்! என்ன வேடிக்கை? தூக்குங்கடா!”

திருமேனி பல்லக்குப் பக்கத்தில் வந்து நின்றான். “அவர்களைத் திட்டாதீர்கள். பல்லக்கு, மன்னர் உங்களுக்குக் கொடுத்த மரியாதை. ஆட்கள், கல்விச்சாலை உங்களுக்குக் கொடுத்தவர்கள். இரண்டு கொடை ஆகிறதே? ஒன்றை விட்டுவிடுங்கள்.”

“தூக்க ஆள் இல்லாமல் பல்லக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?”

“சோறு இல்லாமல் படிப்பை வைத்துக்கொண்டு சடையன் என்ன செய்வானோ, அதையே செய்யுங்கள்.”

ஆவுடையப்பர் முகம் மிளகாய்ப்பழம் மாதிரி ஆனது. இறங்கி நடந்து போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர் தெருவில் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

“சரி! பல்லக்கு வேண்டாம். ஆட்களை எடுத்துக்கொள்கிறேன். போதுமா?”

“தாராளமாக” என்றான் திருமேனி. மரத்தடிப் பக்கம் கையைக் காட்டினான்.

நான்கு பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். மற்ற இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். “ஏலேலோ!” என்று பல்லக்கிலிருந்து ஒரே தூக்கு. ஆவுடையப்பர் தொட்டில் மாதிரி தொங்கினார். தலைப்பாகை புழுதியில் உருண்டது. காவல்காரன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். மேல்மாடத்தில் மன்னர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இறக்குங்கடா! இறக்குங்க! திருமேனி, உனக்குப் புண்ணியமாகப் போகும், பல்லக்கும் வேண்டும், ஆளும் வேண்டும்!”

“இரண்டுமா?”

“இரண்டும் சேர்ந்தால்தானய்யா ஊர் போய்ச் சேர முடியும்!”

“அதைச் சபையிலேயே சொல்லியிருக்கலாம்” என்றான் திருமேனி. “சடையா, ஓலைகளைக் கொண்டு வா.”

ஒரு கையை மட்டும் விடுவித்துக்கொண்டு, தொங்கிக்கொண்டே மோதிரத்தை மையில் தோய்த்துப் பதித்தார் ஆவுடையப்பர். இரண்டு ஓலையிலும். மை காய்வதற்குள் சடையன் ஓட்டம் பிடித்தான். பதினொரு வருஷம் படையில் ஓடிய கால். அவன் கல்விச்சாலைக் கதவுக்குள் காலை வைத்த பிறகுதான் முரசு அடித்தது.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தார். “இனிமேல் படிப்புக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. படைவீரன் இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே செலவுக்கு இரண்டு தடவை மட்டும் கிடையாது” என்றார்.

பிறகு திருமேனிக்குப் பரிசு கொண்டுவரச் சொன்னார். ஒரு தட்டில் பட்டுச் சால்வை வந்தது. இன்னொரு தட்டில் முத்துமாலை வந்தது. மன்னருக்கும் குறும்பு தொற்றிக்கொண்டது போல.

“இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எடு!”

“தோளுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, அரசே” என்று திருமேனி பணிவாகக் கும்பிட்டான். சால்வையைப் போர்த்திக்கொண்டான். மாலையை எடுத்து அதன் மேல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.