வலிக்காத கட்டி

காவிரிக் கரையில் இருந்த அந்த மடத்தில் பெண் துறவிகள் மட்டும் இருந்தார்கள். அங்கே எல்லாருடைய வெள்ளைத் துணிகளையும் ஒன்றாக ஊறவைத்து, முறைபோட்டுத் துவைப்பது வழக்கம்.

ஆடி மாதத்தில் தில்லைநாயகி தன் ரவிக்கைகளை மட்டும் எடுத்துப்போய்த் தனியாகத் துவைக்க ஆரம்பித்தாள்.

"நம்ம அழுக்கு ஒட்டிக்கும்னு பயம். அக்கா நமக்கு முன்னாடி முக்தியடையப் பார்க்கிறாங்க" என்றாள் கிணற்றடியில் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

மடத்துத் தலைவி மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. தில்லைநாயகியைவிட வயதில் இளையவர். கொடியில் காய்ந்த ரவிக்கை ஒன்றை அவர் பார்த்திருந்தார். தில்லைநாயகியை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"அது என்ன கறை?"

"ரத்தம்தான், அம்மா. காம்புலேருந்து கசியுது."

"காட்டுங்க."

தில்லைநாயகி கண்களை மூடிக்கொண்டு சேலையை விலக்கினாள். இடது மார்பின் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தோல், ஆரஞ்சுப் பழத் தோலைப் போல, குழிகுழியாக இருந்தது.

"எப்போலேருந்து?"

"சிவராத்திரி அன்னிக்குக் குளிக்கும்போது ஒரு கட்டி கையில தட்டுச்சு. வலிக்கலை. அதான் விட்டுட்டேன்."

"வலிச்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்க. இது பெரும்பாலும் ஆரம்பத்துல வலிக்காது."

"புத்துநோயா, அம்மா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். டாக்டர் பார்த்தாத்தான் தெரியும். கிளம்புங்க, வேன் நிக்குது."

"அங்க ஆம்பளை டாக்டர் இருப்பாரே."

"இருப்பார்."

தில்லைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"இந்த உடம்பு நான் இல்லைன்னு தினமும் சொல்லிக் கொடுத்தது நீங்க. அதைத்தான் நான் பிடிச்சுக்கிட்டிருக்கேன். இது அழுகினா அழுகட்டும். எனக்கென்ன?"

மங்கையர்க்கரசி குனிந்து, சரிந்து கிடந்த முந்தானையை எடுத்து அவள் தோளில் போட்டார்.

"உடம்பு உங்களுது இல்லை. சரி. வெட்கம் யாரோடது?"

தில்லைநாயகி எழுந்து செருப்பைத் தேடினாள்.