மூன்று தரம்

மூளையில் கட்டி வந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோகிறார்கள். "என்னையத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்."

சுடலைமுத்துவிடம் அன்று காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்டார்கள். வாழைத்தார் மார்க்கெட்டில் காலமெல்லாம் ஏலம் விட்டவர் அவர். "மூணு தரம்" என்று அவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் விலை கேட்க எந்த வியாபாரிக்கும் வாய் வராது. அந்த மனிதர் பாடம் படிக்காத பையன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஏகாம்பரமும் தன் பங்குக்குக் கேட்டார். "மாம்பழம், நாற்காலி, ஆறு. ஞாபகம் வச்சுக்குங்க. கொஞ்சம் கழிச்சுக் கேப்பேன்."

கழித்துக் கேட்டபோது சுடலைமுத்து, "எதை?" என்றார்.

ஏகாம்பரம் நாற்பதைத் தாண்டியவர். ஊரில் பொது வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூளை அறுவை சிகிச்சை கற்க வந்திருந்தார். அவருக்குக் கற்பித்த டாக்டர் மங்கையர்க்கரசி அவரைவிட இளையவர்.

வராந்தாவில் அவரிடம் ஏகாம்பரம் சொன்னார். "கட்டி திரும்ப வளர்ந்திருக்கு மேடம். நாளைக்கு ஆபரேஷன் வச்சிருக்கேன். பேஷண்ட்டோட தம்பி சம்மதிச்சுட்டார்."

"அவர்?"

"யாரு?"

"தலை யாருது, டாக்டர்?"

"அவருக்கு மூணு வார்த்தை நிக்கல மேடம். வாழ்க்கைத் தரத்தை அளக்க நாம கேக்கிற கேள்வி அத்தனையிலயும் அடிமட்டம். ஞாபகமே இல்லாத மனுஷன்கிட்ட எப்படி முடிவு கேக்கிறது?"

மங்கையர்க்கரசி வார்டுக்குள் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் மங்கையர்க்கரசி. உங்க டாக்டர். இவர் உங்க தம்பி ஆவுடையப்பன். இவங்க உங்க வீட்டம்மா இசக்கியம்மாள்."

தெரியுதா என்று கேட்கவில்லை. கட்டி மறுபடி வந்திருப்பதைச் சொன்னார். அறுத்தால் இன்னும் சில மாதம் கூடலாம், ஆனால் பேச்சு அநேகமாகப் போய்விடும். அறுக்காவிட்டால் நாள் குறையும், இருக்கிற நாளில் பேச்சு கொஞ்ச காலமாவது கூட இருக்கும். எதையும் மறைக்கவில்லை.

சுடலைமுத்து மனைவியைப் பார்த்தார். "வேண்டாம் டாக்டரம்மா. பேச்சு போச்சுன்னா இவகூட யாரு சண்ட போடுவா? பாவம், தனியாப் பேசிட்டுக் கெடப்பா."

இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணன் வெவரம் தெரியாமப் பேசுதாவ டாக்டர்," என்றான் ஆவுடையப்பன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மங்கையர்க்கரசி மறுபடி போனார். மறுபடி தன் பெயரிலிருந்து தொடங்கினார். காலையில் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. சுடலைமுத்து செய்தியைப் புதிதாகக் கேட்டார், புதிதாக முகம் வாடினார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"வேண்டாம் டாக்டரம்மா. இவகூட யாரு சண்ட போடுவா?"

வெளியே வந்ததும் ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் புதுசாப் பயப்படுறார் மேடம். இது கொடுமை இல்லையா?"

"கொடுமைதான். கேக்காம அறுக்கிறதுக்கு என்ன பேரு?"

மங்கையர்க்கரசி நடக்கத் தொடங்கினார்.

"சாயங்காலம் நீங்க கேளுங்க."

சாயங்காலம் ஏகாம்பரம் கேட்டார். பெயரெல்லாம் சொல்லித்தான் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கேள்வி வேறு பக்கம் சாய்ந்தது.

"கட்டி திரும்ப வந்திருக்கு அண்ணாச்சி. ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா இன்னும் கொஞ்ச மாசம் கூடக் கெடைக்கும்."

சுடலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்க்கெட்டில் தாரைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி டாக்டரைப் பார்த்தார்.

"அதுக்கு நான் என்ன குடுக்கணும்?"

"இது சர்க்கார் ஆஸ்பத்திரி அண்ணே. துட்டு கெடையாது," என்றான் ஆவுடையப்பன்.

"ஒன்னையக் கேக்கல. டாக்டரு சொல்லட்டும்."

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். வாசல் பக்கம் நின்றிருந்த மங்கையர்க்கரசி உதவிக்கு வரவில்லை.

"பேச்சு," என்றார் ஏகாம்பரம் கடைசியில். "அநேகமா, பேச்சு போயிரும்."

"கட்டுப்படியாகாது," என்றார் சுடலைமுத்து. பிறகு மனைவி பக்கம் கையைக் காட்டினார். "இவகூட யாரு சண்ட போடுவா?"

ஆவுடையப்பன் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டான். இசக்கியம்மாள் அழுகைக்கு நடுவே, "ஆமா, இவர் பேச்சக் கேட்டுட்டுத்தான் நான் உசுரோட இருக்கேன்," என்றாள். "பாத்தீரா, ஆரம்பிச்சுட்டா," என்றார் சுடலைமுத்து. அன்று முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

டாக்டர்கள் இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"நாளைக்குக் காலைல இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமா, மேடம்?"

"எதுக்கு? அவருக்கு மனசு மாறினா அவரே சொல்லட்டும், பண்ணுவோம். நீங்க எதுக்குக் கேக்கணும்?"

"இல்ல, வேற பதில்..."

"மூணு தரம் ஆயிருச்சு, டாக்டர். அதுக்கு மேல விலை கேக்கிறவனை மார்க்கெட்டுல எப்படித் தொரத்துவாங்கன்னு போய் அவரையே கேளுங்க. அது அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கும்."